கேட்காமல் எடுத்த கதவு

அக்கா வந்துபோன பிறகு வீட்டில் என்ன குறைகிறது என்று பார்ப்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பழக்கமாகியிருந்தது. நகை நட்டையோ சட்டி பானையையோ யாரும் தேடமாட்டோம். அவற்றை அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பலகை இருக்கிறதா, கட்டை இருக்கிறதா, கால் உடைந்து மூலையில் கிடந்த ஸ்டூல் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். எங்கள் கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட்டிருந்த பலகை ஒருநாள் காணாமல் போனது. கோழிகள் வாசலில் திரிந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பலகை அவள் மடியில் கிடக்கிறது. நடுவிரலை மடக்கி அதைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?”

“கேட்டா தரமாட்டாங்க தங்கச்சி. கேக்காட்டி தேடமாட்டாங்க.”

“நான் தேடிக்கிட்டுத்தானே வந்திருக்கேன்?”

“நீ கோழியத் தேடி வந்த.”

எங்கள் தேயிலைத் தோட்டம் மடுல்சீமைப் பக்கம். பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்தாலும் கடைசித் தூரம் நடைதான். அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல. லயத்தின் கடைசி வீட்டைத் தொங்கல் காம்பிரா என்போம், அந்த வீட்டுக்காரி. அதற்கு அடுத்த வீட்டில் நானும் என் மாமனாரும் இருந்தோம். என் கணவர் கொழும்பில் வேலை செய்தார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதானால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். கேட்காமலே எழுதுகிறேன். இதற்காக என்னைக் குறைசொல்ல அவளுக்கு வாயில்லை.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. அவள் புருஷனுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்டு ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்றாள். “பார்ப்போம்” என்றார்கள். கொழுந்து ஏற்றிப்போன லொறி திரும்பட்டும் என்றார்கள். லொறி திரும்பி வந்தபோது அதற்குத் தேவை இல்லாமல் போயிருந்தது. இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள், கொழுந்து பறித்துக்கொண்டே, கையை நிறுத்தாமல்.

“அன்னைக்கு லொறியக் கேட்டிருக்கக் கூடாது. எடுத்திருக்கணும்.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியாதேக்கா?”

“தள்ளிக்கிட்டாவது போயிருப்பேன்.”

அந்த லொறி நாளுக்குப் பிறகு ‘தாங்க’, ‘குடுங்க’ என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

இடையில் கொஞ்ச காலம் எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி துவைக்கப் போனாள். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வராந்தா நாற்காலியில் உகுலேலேயை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். கிட்டாரின் கைக்குழந்தை என்று சொல்லலாம், நான்கே நரம்பு. அக்காவின் கை சும்மா இருக்குமா? எடுத்தாள், திருப்பினாள், முதுகில் தட்டிக் காதை வைத்தாள். அந்தப் பெண் தலையில் துவாயுடன் வந்து கத்த, முதலாளி ஓடிவர, களவெடுக்கப் பார்த்தாய் என்று சிங்களத்தில் திட்டி அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“கேட்டிருந்தா அந்தப் புள்ளையே கையில குடுத்திருக்குமேக்கா” என்றேன். எனக்கு உண்மையிலேயே ஆத்திரம்.

“குடுத்திருக்கும். கொஞ்ச நேரத்துல திருப்பி வாங்கியிருக்கும்” என்றாள். “உள்ள ஒண்ணுமே இல்ல தங்கச்சி, வெறும் பெட்டி. வெறும் பெட்டியில அம்புட்டுச் சத்தம். நானே ஒண்ணு செய்யப்போறேன். அத எவளும் எங்கிட்டயிருந்து திருப்பி வாங்க முடியாது.”

அன்றிலிருந்து லயத்தில் எந்தக் கட்டைக்கும் பாதுகாப்பு இல்லாமல் போனது. போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். தேயிலையைப் பெட்டியில் அடைத்த காலத்துப் பெட்டிகள் சில வீடுகளில் அலமாரியாக இருந்தன. அவற்றின் பலகை முகத்துக்கும் முதுகுக்கும் ஆனது. பக்கப் பலகையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அடுப்பில் காய்ந்த அலுமினியச் சட்டியைச் சுற்றி வளைத்தாள். பசை காயும்வரை சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினாள், மேலே அம்மிக்கல். யாருடைய அம்மிக்கல் என்று கேட்காதீர்கள். விரல் வைக்கும் இடத்தில் பதிக்கும் கம்பிகளைப் பழைய குடையிலிருந்து நறுக்கினாள்.

நரம்புக்குத் தங்கூசி என்கிற நைலோன் நூல் வாங்கப் பதுளைக்கு அவளோடு நானும் போனேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானா என்போம், சுருளை எடுத்து வைத்தார்.

“மீன் புடிக்கவா?”

“இல்ல நானா. பாட்டுப் புடிக்க.”

அவர் சிரித்து முடிப்பதற்குள் அவருடைய கல்லா மேசையை மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டாள். நானா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வயிறு கச்சிதமாக அமைந்தது. கழுத்துதான் நிற்கவில்லை. சபுக்கு மரத்தில் செதுக்கிய முதல் கழுத்து, நரம்பை இழுத்துக் கட்டியதும் வில்லாக வளைந்தது. வேறொரு கட்டையில் செய்த இரண்டாவது பிளந்தது. வளையாத, பிளக்காத, ஈரம் முழுதாகப் போன பழைய மரம் வேண்டும் என்று அலைந்தாள். அப்படி ஒரு மரம் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது.

என் மாமனார் தேயிலை ஸ்டோரில் வாச்சராக இருந்தவர். வேலையிலிருந்து நின்ற வருஷம், முற்றிய பலாமரத்தில் தன் கையாலேயே ஒரு கதவு செய்து மாட்டினார். மற்ற வீடுகளுக்குத் தகரமும் ஒட்டுப்பலகையும்தான் கதவு. எங்களுடையது மாத்திரம் பங்களாக் கதவு மாதிரி நிற்கும். இரவில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மடக்கிய விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஸ்டோரைப் பூட்டிய காலத்துப் பழக்கம். அந்த இரண்டு தட்டுக் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தான்.

ஒருநாள் அக்கா எங்கள் வாசலுக்கு வந்தவள், வந்த வேலையை விட்டுவிட்டுக் கதவைத் தட்டி, காதை வைத்துக்கொண்டு நின்றாள். நடுவில் ஓடும் குறுக்குச் சட்டத்தை விரலால் தடவினாள்.

“இது சென்மத்துக்கும் வளையாது பெரியப்பா” என்றாள்.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவள் போனதும் என்னைக் கூப்பிட்டார். “அவள வாசப்படி ஏத்தாத. கதவுக்குக் கண்ணு வச்சிட்டா.”

அந்த வருஷம் மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் கோடு விழுந்தது. முதலில் விரல் போகும் அளவு, பிறகு கை போகும் அளவு. எங்கள் அடுப்படித் தரை மேல்பக்கம் தூக்கிக்கொண்டது. சோதிக்க வந்தவர்கள் ஒவ்வொரு வாசலிலும் சிவப்புத் தாளை ஒட்டி, ஏறும் பாதையில் கயிறு கட்டி, இனி யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் குடிபோனோம். ஒரே மண்டபம். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் ஒரு சேலை, அதுதான் சுவர், அதுதான் கதவு.

அக்கா மட்டும் போய்க்கொண்டேயிருந்தாள். மழை சற்று வெளுத்தால் போதும், அலவாங்குக் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கயிறு கட்டிய இடத்தைத் தாண்டி ஏறிவிடுவாள். கிராம சேவகர் கத்திப் பார்த்தார், பொலீசில் சொல்வேன் என்றார். அவள் திரும்பிப் பார்த்தால்தானே. நாங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று மலையையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்போம். இறங்கி வரும்போது அவள் கையில் யாருடைய ஜன்னல் சட்டமாவது இருக்கும். ஆளில்லாத வீடுதான், ஆனால் தட்டாமல் நுழைய மாட்டாள். “யாரு வீட்டுல?” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாள். களவெடுக்கப் போகிற வீட்டில் அதென்ன மரியாதை என்று கேட்டேன்.

“களவு இல்ல தங்கச்சி. நாளைக்கு மண்ணுக்குள்ள போறத இன்னைக்கு வெளிய எடுக்குறேன்.”

மாமா அவள் கொண்டுவரும் ஒவ்வொரு சட்டத்தையும் சேலை மறைவிலிருந்து பார்ப்பார். எந்த வீட்டு மரம் என்று அவருக்குத் தெரியும். லயத்தின் மறு கோடியிலிருந்து கழற்றத் தொடங்கியவள் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

“நாளைக்கு என் கதவு” என்றார்.

“போனா போகட்டும் மாமா. உசுரு இருக்கே.”

அவர் குடையைத் தேடி எடுத்துத் தலைமாட்டில் சாத்தி வைத்தார்.

மறுநாள் காலை வெளியே போனவர் திரும்பவில்லை. குளிக்கிற பீலியில் இல்லை, கோயிலில் இல்லை. படுக்கை ஒழுங்காக மடித்து வைத்திருந்தது, குடையைக் காணவில்லை. மழை மறுபடி பிடித்திருந்தது. எங்கே போயிருப்பார் என்று எனக்குப் புரிந்தபோது கயிறு கட்டிய இடத்துக்கு ஓடினேன். அக்காமேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. கயிற்றடியில் அவளைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமாவக் காணோம். கதவுக்குக் காவலா போயிட்டாரு. உங்களாலதாங்கா! உங்களுக்குப் பயந்துதான் போயிருக்காரு!”

அவள் அலவாங்கைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினாள். நானும் பின்னால் ஓடினேன்.

லயத்துப் பின்பக்க வடிகால் காணில் எப்போதும் தெளிந்த தண்ணீர்தான் ஓடும். அன்று செம்மண் குழம்பு. முந்தின நாள் இல்லாத ஒரு ஊற்று சுவரடியில் கொப்பளித்தது. தகரத்தின்மேல் சிறு கற்கள் ஒன்றிரண்டாக விழுந்துகொண்டிருந்தன. எங்கள் கதவு சாத்தியிருந்தது. அக்கா நடுவிரலை மடக்கித் தட்டினாள்.

“யாரு வீட்டுல?”

உள்ளேயிருந்து இரண்டு தட்டுக் கேட்டது. தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார்!

“மாமா, நாந்தான். வாங்க மாமா, மலை எறங்கப்போவுது” என்று அழுதேன். “உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நீ போ புள்ள. மழ விட்டதும் வர்றேன்.”

“தண்ணி செவப்பா வருது மாமா!”

“எத்தன மழ பாத்திருக்கேன். போ.”

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். எதுவும் வேலைக்காகவில்லை. வீட்டுக்குப் பின்னால் எங்கோ ஒரு மரம் வேரோடு முனகுவது கேட்டது. அப்போது அக்கா என்னை ஒதுக்கிவிட்டு, கதவுக்கு வாயை வைத்துச் சொன்னாள்.

“பெரியப்பா, கதவத் தட்டிப் பாத்தேன். நல்லா காஞ்சிருக்கு. கழட்டப்போறேன்.”

தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. மாமா குடையை ஓங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. திறந்த கதவுக்குள் அக்கா உடம்பைக் கொடுத்துவிட்டாள். அலவாங்கின் நுனியை மேல் பிணைச்சலுக்குள் விட்டு நெம்பினாள். நிலை ஈரத்தில் ஊறிக் கிடந்தது, ஆணிகள் மண்ணிலிருந்து கிழங்கு வருவதுபோல வந்தன.

“ஏய்! என்னய ஒரு வார்த்த கேட்டியாடி?”

“கேட்டா தருவீங்களா?”

“தரமாட்டேன்!”

“அதான் கேக்கல.”

கீழ்ப் பிணைச்சலும் வந்தது. கதவை முதுகில் சாய்த்து, கொழுந்துக் கூடைக் கயிற்றால் கட்டி, கயிற்றைத் தலைக்குக் கொடுத்தாள். கூடையைச் சுமக்கிற மாதிரியே குனிந்து, திரும்பியும் பாராமல் நடந்தாள். மாமா நிலைப்படியில் நின்றார். கதவில்லாத வாசல் வழியாக மழை வீட்டுக்குள் அடித்தது. உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் முதுகைப் பார்த்தார்.

“களவாணி! நில்லுடி! என் கதவு!”

ஓடத் தொடங்கினார். அந்த வயதில், அந்தச் சேற்றில், திட்டிக்கொண்டே ஓடினார். அக்கா நிற்கவே இல்லை. அவர் நெருங்கினால் நடையைக் கூட்டினாள், அவர் தளர்ந்தால் குறைத்தாள். அதைப் பின்னாலிருந்து பார்த்த பிறகுதான் அவள் என்ன செய்கிறாள் என்பது என் மரமண்டைக்கு ஏறியது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மலை இறங்கியது. லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பள்ளிக்கூட முற்றத்திலிருந்து பார்த்தபோது தொங்கல் காம்பிராவும் எங்கள் வீடும் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் கிடந்தது. அக்கா தன் வீடு இருந்த திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டாள். மாமா சுவரில் சாத்தியிருந்த கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நன்றி கின்றி என்று மாமா எதுவும் சொல்லவில்லை. “என்னயக் கேக்காம கழட்டிட்டா” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் முறையிட்டார். பள்ளிக்கூட மேசைகள் இரண்டைச் சேர்த்துக் கதவை அதன்மேல் போட்டு, அதையே கட்டிலாக்கிக்கொண்டார். படுக்குமுன் பலகையில் இரண்டு தட்டு. எனக்கும் தூக்கம் வந்தது.

ஒருநாள் மத்தியானம் பீலிக்குக் குளிக்கப் போய்வந்து படுத்தார், கட்டில் ஆடியது. குனிந்து பார்த்தால் அடியில் குறுக்குச் சட்டம் இல்லை. மண்டபமே அதிரக் கத்தினார். அக்கா தன் சேலைச் சுவருக்கு அந்தப் பக்கம் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுகிற சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அந்தச் சேலையை அவர் விலக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் கோணலாக, பிறகு நேராக. பிள்ளைகளெல்லாம் ஓடிப்போய் மொய்த்தார்கள். கழுத்து வளையவில்லை. அன்று பொழுது சாயும்போது அக்கா எங்கள் இடத்துக்கு வந்தாள். இரண்டு கையிலும் உகுலேலேயை ஏந்தியிருந்தாள். தேயிலைப் பெட்டி வயிறு, குடைக்கம்பிப் பற்கள், பலாமரக் கழுத்து.

“பெரியப்பா” என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “இது உங்க சட்டம். இத நான் வச்சுக்கவா?”

பக்கத்துச் சேலைகள் விலகித் தலைகள் எட்டிப் பார்த்தன. ஆபீஸ் வாசலில் நின்ற நாளுக்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்று கேட்டதில்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கேட்டுவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தந்துவிடுங்கள் மாமா, தந்துவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

மாமா அதை வாங்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். தாழ்ப்பாள் ஆணி இருந்த துளையை அவள் அடைக்காமல் விட்டிருந்தாள். துளையில் விரலை வைத்துத் தடவினார். பிறகு விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

“தரமாட்டேன்” என்றார்.

தலைமாட்டுச் சுவரில் இருந்த ஆணியில் அதை மாட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, “பாத்தியா தங்கச்சி?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மாமாவோடு அன்று நான் பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

விடிந்து எழுந்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. இன்றைக்கு மண்டபம் இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். மாமா எழுந்து உட்கார்ந்து, ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சேலைகளுக்கு அப்பால் கடைசி மூலையில் யாரோ நான்கு நரம்பையும் ஒவ்வொன்றாக மெல்லச் சுண்டிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, தேடிப் பாக்கவா?” என்று கேட்டேன்.

“எத?” என்றார். “தேத்தண்ணிய ஊத்து புள்ள.”